பெரியப்பா விட்டுப்போன பாட்டுப் பெட்டி: பதினாலு மாதம் பிடித்த ரிப்பேர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தெருப் பிள்ளைகள் "மீலாபீ!" என்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டில் தமிழ் பேசுகிற நாங்களும் இதை மட்டும் பர்மியத்தில்தான் சொல்லுவோம். ஒன்பதரைக்கு மறுபடி போய்விடும். அதற்குள் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து ராஜரத்தினம் பிள்ளையின் தோடிப் பிளேட்டை வைத்தேன். வால்வு சூடாக இருபது நொடி. பிறகு பிளேட்டின் இரைச்சல், அதற்கு மேல் நாயனம். அம்மா அரிசி களைந்த ஈரக் கையோடு வந்து நின்று, ஊசி தூக்கும்வரை கேட்டார். "இப்பத்தான்பா சுருதி சரியா நிக்குது" என்றார்.

அந்த வார்த்தை வாங்கப் பதினாலு மாதம் ஆனது. அதில் பாதி நான் தப்பான இடத்தில் கை வைத்ததால் போன காலம். இதே மாதிரி பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

பெட்டி எங்கள் பெரியப்பாவுடையது. ஒரே மரப்பெட்டிக்குள் எல்லாம் அடக்கம். மேலே இங்கிலாந்தில் செய்த ஆட்டோ சேஞ்சர் (பிளேட்டைத் தானே மாற்றிப் போடும் சுழல் தட்டு), நிமிடத்துக்கு 16, 33, 45, 78 சுற்று என்று நான்கு வேகம். அடியில் மூன்று வால்வு ஆம்ப்ளிஃபையர்: இசிசி83, இஎல்84, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு இஇஸட்80. முன்பக்கம் எட்டு அங்குல ஸ்பீக்கர். 1964-இல் கடைகளைப் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பெரியப்பா குடும்பம் கப்பலேறிச் சென்னைக்குப் போனது. கையில் கொண்டுபோக விட்டது கொஞ்சம்தான். பெட்டியையும் நாற்பது பிளேட்டையும் அப்பாவிடம் விட்டுப் போனார். அப்போது அம்மா கல்யாணமாகி வந்து ஒரு வருஷம். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இந்தப் பெட்டி பாடியதை அவர் நேரில் கேட்டிருக்கிறார்.

எண்பதுகளில் சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றே போனதாம். அப்பா தார்ப்பாயில் சுற்றிப் பரணில் ஏற்றினார். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் தன்லின் வீட்டுக் கூரைத் தகடு பறந்தது (எங்கள் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் சிரியம்தான்). பெட்டியின் அடிப்பாகம் நனைந்து பிளைவுட் உப்பிவிட்டது. அதற்கப்புறமும் பதினைந்து மழைக்காலம் அது அங்கேயே கிடந்தது.

என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கடை ரங்கூனில், சூரத்தி பஜார் பக்கம். தண்ணீர் மோட்டார், ஃபேன், மிக்ஸி என்று வருவதெல்லாம் கட்டுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே தெரியும்.

முதல் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். கரண்ட் கொடுக்கவில்லை. மூடி திறந்து கரையான் மண்ணைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். மெயின் ஒயரின் ரப்பர் மடக்கினாலே பழைய அப்பளமாக நொறுங்கியது, வெட்டிப் போட்டேன். அடுத்து, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தக் காலத்து விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. மெயின் கரண்ட் நேராகச் சேஸிஸுக்கு (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) வரும், தொட்டால் ஆபத்து. எங்களுடையதில் இருந்தது. கடையிலிருந்து மெகரை (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) கொண்டுவந்து 500 வோல்ட்டில் காயிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பார்த்தேன்: 0.8 மெகா ஓம். இது ஈரம். நனைந்த மோட்டாருக்குச் செய்வது போலவே, டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்போடு வைத்தேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும் எரிந்ததால் ஐந்து நாள் பிடித்தது. ஆறாம் நாள் 35 மெகா ஓம் காட்டியது. மழையில் கிடந்த பெட்டியை இப்படிக் காயவைக்காமல் ஸ்விட்ச் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகும். அது கருகினால் அதே மாதிரி இங்கே கிடைக்காது.

மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் பிடித்து, ஒரு 40 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஸ்விட்ச் போட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், பெட்டி தப்பிக்கும். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கியது. நல்ல சகுனம். பிளேட்டு சுற்றும் தட்டும் அசைந்தது, ஆனால் கிழவர் நடை. தொடரில் இருந்த பல்பை எடுத்துவிட்டு நேர்க் கரண்டிலும் பார்த்தேன். அதே நடைதான்.

இங்கேதான் முதல் தப்பு. மெதுவாகச் சுற்றுகிற மோட்டார் என் கடைக்கு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது காயிலை. பழக்கம் அப்படி. இரண்டு காயிலுக்கும் ஓம் பார்த்தபோது 312, 309 என்று ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. சுற்றுகள் ஒட்டிப்போயிருந்தால் ஒன்று கணிசமாகக் குறைந்திருக்கும். அந்த எண்களைப் பார்த்த பிறகும், அறுபது வருஷத்து வார்னிஷ் எப்படியும் போயிருக்கும் என்று நானாக முடிவு செய்து இரண்டையும் பிரித்துவிட்டேன். 42 கேஜ் கம்பி, தலைமுடி மாதிரி. கையில் எண்ணி, இரண்டு முறை அறுந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை கட்டினேன். வார்னிஷ் போட்டுச் சுட்டு மாட்டினேன். அதே வேகம். கிழவர் அப்படியே நடந்தார்.

அப்புறம்தான் ரோட்டரை விரலால் சுண்டிப் பார்த்தேன். இரண்டு நொடியில் நின்றுவிட்டது. இந்த மோட்டாரின் மேல், கீழ் புஷ் இரண்டும் எண்ணெய் ஊறிய வெண்கலத் துகளில் அழுத்திச் செய்தவை. துளைகளுக்குள் இருக்கிற எண்ணெய்தான் ஆயுசு முழுக்க ஓட வேண்டும். அது காய்ந்து அரக்காகியிருந்தது. மேலே சொட்டு விட்டால் போதாது. புஷ்ஷைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, பழைய தேநீர்க் கிளாஸ் அளவு டர்பைன் ஆயிலை (32 நம்பர்) தகர டப்பாவில் ஊற்றி, அடுப்பில் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே போட்டேன். வெண்கலத்தின் உடம்பெங்கும் ஊசிமுனை அளவு குமிழிகள் கிளம்பி வந்தன. கால் மணி நேரம் விடாமல் வந்தன. நின்றதும் அடுப்பை அணைத்து, அதிலேயே ஆறவிட்டேன். ஆறும்போதுதான் காற்றுப் போன இடத்துக்குள் எண்ணெய் இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்துவிடக் கூடாது. மறுநாள் மாட்டிச் சுண்டினால் ரோட்டர் 19 நொடி சுற்றியது. இதை முதலில் செய்திருந்தால் மூன்று வாரமும் 8,000 கியாட் கம்பியும் மிச்சம்.

சேஞ்சரின் அடிப்பக்கத்துக் கிரீஸ் எல்லாம் கருப்பட்டிப் பாகு முற்றியது போல இறுகியிருந்தது. பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், இரண்டு நாள். ஒரே ஒரு எச்சரிக்கை: பிளேட்டின் கடைசிக்கு ஊசி வந்ததும் ஊசி மாட்டிய கையைத் தூக்கச் சொல்லும் சின்ன லீவர் ஒன்று பெரிய சக்கரத்தின் மேல் இருக்கிறது. இறகு மாதிரி தானாக அசைய வேண்டியது. நான் அதற்கும் கிரீஸ் வைத்தேன், ஆட்டோமேட்டிக் வேலை செய்யவில்லை. துடைத்து உலர்வாக விட்டதும் சரியானது.

மோட்டார் சரி, தட்டு இன்னும் 'டப் டப்' என்று அடித்துக்கொண்டு சுற்றியது. மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள் விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது, ஐட்லர். பாடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி செத்துப் போனதால் கடைசியாக யாரோ குமிழை 'ஆன்' நிலையிலேயே விட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக இரும்புத் தண்டு ரப்பரை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நகத்தை வைத்தால் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

பெட்ரோலில் துடைத்தால் ரப்பர் மிருதுவாகும் என்று ஒருவர் சொன்னார். செய்தேன். ஒரு நாள் பிடிப்பு நன்றாக இருந்தது. இரண்டாம் வாரம் ஓரமெல்லாம் வெடித்தது. பெட்ரோல், தின்னர் இரண்டும் ரப்பரை உப்பவைத்துப் பிறகு கொல்லும். அதன் பக்கம் போகாதீர்கள்.

புது ரப்பர் போடுவது என்று முடிவானது. நெல் தீட்டும் ரைஸ் மில் உருளைகளுக்கு ரப்பர் ஏற்றுகிற பட்டறை தெரியும், அங்கே கொடுத்தேன். 15,000 கியாட். அழகாகக் கடைந்து தந்தார்கள். மாட்டினால் ஸ்பீக்கரில் லாரி ஓடுகிற மாதிரி உறுமல். நெல்லின் உமியை உரிக்கிற ரப்பர் கல் மாதிரி இருந்தால்தான் அந்த வேலைக்கு ஆகும். மோட்டாரின் அதிர்வைத் தின்னவேண்டிய இடத்தில் அதை வைத்தால் அதிர்வு முழுக்கத் தட்டுக்கும் ஊசிக்கும் போய்ச் சேரும். ரைஸ் மில்காரர் மேல் குறை இல்லை, நான்தான் எதற்கு என்று சொல்லவில்லை.

விடை அச்சகத்தில் கிடைத்தது. மை உருளைக்குப் போடும் ரப்பர் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். அந்த உருளைகளைப் புதுப்பிக்கிற பட்டறையில் கொடுத்து, வெர்னியரில் அளந்த விட்டத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம், 28,000 கியாட். விட்டம் நூலளவு பிசகினால் வேகம் கெட்டுவிடும் என்று நான் அந்த இரண்டு வாரமும் தூங்கவில்லை. பிறகு தாளில் படம் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, ஐட்லரின் விட்டத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. தண்டு எவ்வளவு தூரம் தள்ளுகிறதோ அவ்வளவு தூரத்தைத்தான் ஐட்லர் தட்டுக்குக் கடத்துகிறது. வேகத்தை நிர்ணயிப்பது தண்டின் படிக்கட்டு விட்டமும் தட்டின் உள் விட்டமும் மட்டுமே. ஐட்லர் வட்டமாகவும் மிருதுவாகவும் இருந்து, இடத்தில் பொருந்தினால் சரி.

வேகத்தைச் சோதிக்க ஸ்ட்ரோப் வட்டம் அச்சடித்தேன். 50 சைக்கிள் (நொடிக்கு ஐம்பது அலை) கரண்டில் எரியும் விளக்கின் கீழே 33-க்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு. கோடுகள் நின்ற மாதிரி தெரிந்தால் வேகம் சரி. முதலில் எல்இடி பல்பின் கீழே பார்த்தேன், கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. நல்ல எல்இடி துடிப்பதில்லை. பழைய சிவப்பு நியான் இண்டிகேட்டரை ஒயரில் கட்டிப் பிடித்ததும் கோடுகள் தெரிந்தன, நின்றன. மகிழ்ச்சியோடு அம்மாவைக் கூப்பிட்டு ஒரு பிளேட் போட்டேன். கேட்டுவிட்டு, "நாயனம் தூங்கி வழியுதே" என்றார்.

கோடுகள் நிற்கின்றன, அம்மா இல்லை என்கிறார். நான் அம்மாவை நம்பவில்லை, அவருக்கு எழுபத்தெட்டு வயது, காது எப்படி இருக்குமோ என்று நினைத்தேன். அது தப்பு. அன்று இரவு தட்டின் ஓரத்தில் வெள்ளைக் காகிதத்துண்டு ஒட்டி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். 33⅓ வேகத்தில் நூறு சுற்றுக்குச் சரியாக 180 நொடி ஆக வேண்டும். எனக்கு 187 வந்தது. மூன்று முறை எண்ணினேன், மூன்றும் 187-ஐ ஒட்டியே. அதாவது நூற்றுக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாமதம். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஆறு சதவீதம். அதில் பாதிக்கு மேல் இறங்கிய நாயனத்தைத்தான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

காரணம் இன்வெர்ட்டர். கரண்ட் இல்லாத சாயந்திரங்களில்தான் எனக்கு நேரம், அதனால் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடியது. நியானும் அதே இன்வெர்ட்டரில். அது 50 சைக்கிளுக்குப் பதில் 48-ஐச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மோட்டாரும் விளக்கும் ஒன்றாகத் தாமதித்தால் கோடு நிற்கத்தானே செய்யும்? மறுநாள் காலை லைன் கரண்டில், வோல்டேஜ் ரெகுலேட்டரில் 225 வைத்து, எண்ணினேன்: நூறு சுற்று 179 நொடி. இதற்கு மேல் எனக்கு வேண்டாம். ஜெனரேட்டரிலும் இதே கதைதான், லோடு ஏறினால் பாட்டு இறங்கும். பெட்டியை இப்போது லைன் கரண்டில் மட்டும்தான் ஓட்டுகிறோம்.

வேகம் சரி, சத்தம் இல்லை. ஹம் என்கிற 'ம்ம்' இரைச்சல் இருக்கிறது, அதற்கடியில் எங்கேயோ கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி பாட்டு. இந்த இடத்தில் சூலியா பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ரேடியோ பாயிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர், வால்வு ரேடியோவில் கை பழகியவர். நான் காயில் கட்டின கதையைச் சொன்னதும், "நீங்க காயில் ஆளு, காயிலைப் பார்த்தீங்க. இனிமே மீட்டரை நம்புங்க தம்பி" என்றார். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அளக்கச் சொன்னார். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் அது நிற்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதை நான் எந்த அவசரத்திலும் மீறியதில்லை.

இஎல்84-இன் 3-ஆம் காலில், அதாவது கேதோடில், 11.6 வோல்ட் இருந்தது. அங்கே இருக்கிற ரெசிஸ்டர் 150 ஓம். வகுத்தால் 77 மில்லி ஆம்பியர். இந்த வால்வுக்கு ஐம்பதை ஒட்டி ஓடினால் போதும். 2-ஆம் காலில், கிரிட்டில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட். பாய் மீட்டரைப் பார்க்காமலே சொன்னார், "கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகுது." முன் வால்வின் தகட்டிலிருந்து பாட்டை மட்டும் கடத்திவிட்டு டிசியைத் தடுக்க வேண்டிய காகிதக் கெப்பாசிட்டர், ஈரம் ஏறி டிசியையும் விட்டுக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தால் வால்வின் தகட்டில் மங்கலான சிவப்பு தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு போயிருக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும். 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்று போட்டதும் கேதோடு 7.3 வோல்ட்டுக்கு இறங்கியது. அதே வால்வு இன்றும் ஓடுகிறது.

மற்றக் காகிதக் கெப்பாசிட்டர்களையும் பேச்சில்லாமல் மாற்றினேன். ஹம்முக்குக் காரணம் 50+50 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அலுமினியக் குவளையை அழகுக்காக அப்படியே விட்டுவிட்டு, ஒயரை மட்டும் விடுவித்து, அடியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் இரண்டு போட்டேன். பெரிதாகப் போட்டால் ஹம் இன்னும் குறையுமே என்று 100 போடப் போனேன், பாய் தடுத்தார். இஇஸட்80-க்கு 50தான் எல்லை. அதற்கு மேல் போட்டால் ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் ரெக்டிஃபையர் அடி வாங்கும்.

எல்லாம் முடித்து மாட்டினால், ஹம் போய்விட்டது. பாட்டு இன்னும் கிணற்றுக்குள்தான்.

ஆறு மாதம் ஆகியிருந்தது. பாய் என் போனை வாங்கி, ஒரு ஒயர் துண்டால் வால்யூம் கண்ட்ரோலின் மேல்காலில் கொடுத்தார். கடை அதிர்ந்தது. ஆம்ப்ளிஃபையர் முழுசாகப் பாடியது. அப்படியென்றால் பாக்கி இருப்பது ஒரே ஒரு பொருள், ஊசி மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜ். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை நான் முதல் நாளே செய்திருக்கலாம்.

கார்ட்ரிட்ஜை வீட்டில் பிளேடால் பிரித்தேன். நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சின்னச் சதுரப் பலகை மாதிரி ஒரு படிகம் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில், மழைக்காலத்தில் மூடாமல் விட்ட உப்பு ஜாடியின் அடியில் இருக்குமே, அந்த மாதிரி வெள்ளையாக, கசிந்த, விரலில் ஒட்டுகிற ஒன்று. அந்தக் காலத்துக் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் இருப்பது உண்மையிலேயே ஓர் உப்பு, ரோஷெல் உப்பு. வளைத்தால் மின்சாரம் தரும், சத்தம் நன்றாக வரும், ஆனால் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கரையும். 55 டிகிரிச் சூட்டிலும் கெட்டுவிடும். மே முதல் அக்டோபர் வரை சுவரே வியர்க்கிற ஊரில் அது எத்தனை காலம் தாங்கும்? எண்பதுகளில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது என்று அப்பா சொன்னாரே, அது இதுதான். பெட்டியில் வேறெதுவும் கெடுவதற்கு முன்பே உப்பு கரைந்திருக்கிறது.

மாற்றுக்கு வேண்டியது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதை ஈரம் தொடாது. சென்னையில் இருக்கும் பெரியப்பா பேரன் ரிச்சி தெருவில் தேடி, திருப்பு ஊசி உள்ளதாக ஒன்று வாங்கினான், 1,400 ரூபாய். ஊருக்கு வந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினான். திருப்பு ஊசி என்றால் ஒரு பக்கம் 78-க்கு, புரட்டினால் 33 வேகத்தில் சுற்றும் எல்.பி. பிளேட்டுக்கு. இரண்டும் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். 78 பிளேட்டின் பள்ளம் அகலம், ஊசி முனையின் ஆரம் 0.07 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். எல்.பி. ஊசி 0.02-ஐ ஒட்டியது. அந்தச் சின்ன முனை 78-இன் பள்ளத்தின் அடியில் கிடந்து அலையும், இரைச்சல்தான் வரும்.

மாட்டியதும் பாட்டு வந்தது, ஆனால் தகர டப்பாச் சத்தம், அடிநாதம் இல்லை. இதையும் பாய்தான் அவிழ்த்தார். செராமிக் கார்ட்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற வால்யூம் கண்ட்ரோல் குறைந்த ஓமாக இருந்தால் கீழ்ச் சுருதியெல்லாம் அங்கேயே விழுங்கப்படும். எங்களுடையது 500 கிலோ ஓம். அவர் பழைய ரேடியோப் பெட்டியைக் கிளறி 2 மெகா ஓம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. போட்டதும் மிருதங்கத்தின் தொப்பி பேசியது. ஊசியின் பாரத்தை நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கிற சின்ன டிஜிட்டல் தராசில் பார்த்தேன், 11 கிராம் இருந்தது. கையின் பின்பக்க ஸ்பிரிங்கை வேறு துளைக்கு மாற்றி 6 கிராமுக்குக் கொண்டுவந்தேன்.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. பிளேட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாக இருந்தன. எல்.பி. ஒன்றை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பளிச்சென்று வந்தது. அதே பஞ்சோடு சுந்தராம்பாள் 78 ஒன்றை எடுத்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். பஞ்சு இன்னும் கறுப்பானது, கையில் பிசுபிசுத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பள்ளங்கள் இருந்த இடத்தில் மொழுமொழுவென்று ஒரு பட்டை. 78 பிளேட் அரக்கில் செய்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் பாலிஷ் போடுவதே அப்படிக் கரைத்துத்தான். எனக்குத் தெரிந்த விஷயம், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னேன். "இன்னொரு பக்கம் இருக்குல்ல" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மிச்சத்தை எல்லாம் இப்படிக் கழுவினேன்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, குழந்தைக்குப் போடும் மிருதுவான பல் பிரஷ். பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக. நடுவில் இருக்கிற லேபிள் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியால் அழுத்திக்கொள்ள வேண்டும். சுத்தத் தண்ணீரில் அலசி, நிழலில், செங்குத்தாக. வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

செலவைக் கூட்டினால் காயில் கம்பி 8,000, ரைஸ் மில் ரப்பர் 15,000, அச்சக ரப்பர் 28,000, கெப்பாசிட்டர்கள் 31,000, ஒயரும் பிளக்கும் 9,000, தராசு 18,000. ஆக 1,09,000 கியாட், இங்கே பேசுகிற கணக்கில் ஒரு தெய்னுக்கு (லட்சத்துக்கு) கொஞ்சம் மேல். கார்ட்ரிட்ஜ் தனி. மொத்தத்தில் 23,000 வீண் செலவு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்ததாக இன்னொரு பெட்டி வருகிறது, கோயிலில் பழக்கமான ஒருவர் வீட்டிலிருந்து. அதற்கு வரிசையை மாற்றப் போகிறேன். முதலில் மெகர், காயவைப்பது. அடுத்து காகிதக் கெப்பாசிட்டர்களையும் எலக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றுவது. பிறகு போனிலிருந்து பாட்டைக் கொடுத்து ஆம்ப்ளிஃபையரைக் கேட்பது, அப்போதே கார்ட்ரிட்ஜின் கதை தெரிந்துவிடும். புஷ்ஷை எண்ணெயில் ஊறவைப்பது. ஐட்லர். காயிலைத் தொடுவது கடைசியிலும் கடைசி.

எங்கள் பெட்டியை இப்போது தினம் ஒரு பிளேட்டாவது போடுகிறோம். வால்வு அரை மணி நேரம் எரிந்தால் பெட்டிக்குள் இருக்கிற ஈரம் போய்விடுகிறது. இந்த மழைக்காலத்தில் மெகர் 20-க்குக் கீழே இறங்கவே இல்லை. பிளேட் அலமாரியில் சிலிக்கா ஜெல் நான்கு பை வைத்திருக்கிறேன். நிறம் மாறினால் வாணலியில் இளந்தீயில் வறுத்துத் திரும்ப வைப்பேன். பாட்டு முடிந்ததும் குமிழை 'ஆஃப்' வரை திருப்புவது என் மகனின் பொறுப்பு. ஐட்லர் தண்டிலிருந்து விலகும் 'டக்' சத்தம் கேட்டால்தான் மூடியை மூட விடுவேன்.

சுந்தராம்பாள் பிளேட்டின் மறுபக்கத்தை நேற்றுப் போட்டோம். மூன்று நிமிடம் சொச்சம், ஒரு கீறல்கூட இல்லை.